கஞ்சி வேளை விமானம்

அத்தியாயம் 9

ஆராயி கைநாட்டு வைக்க மறுத்து அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் அவள் எதிரே மை டப்பாவைத் திறந்து வைத்துப் பார்த்தார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். அவள் டீயைக் குடித்துவிட்டு, கட்டை விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். உப்பு வாரும் பெண் ஒருத்தியிடம் போலீஸ் இவ்வளவு திண்டாடியது செங்கல்பட்டு ஜில்லாவில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

விஷயம் இதுதான். கோவளம் சவுக்குத் தோப்பு பங்களாவில் கோதண்டராமன் என்ற பெரிய மனிதர் செவ்வாய்க்கிழமை மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். அன்று காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அவர் தபாலாபீசுக்கு வந்து தன் கையாலேயே ஒரு தந்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினோரு மணிக்குச் சந்தையிலிருந்து திரும்பிய சமையற்காரி சந்திரம்மா அவரைப் பிணமாகத்தான் பார்த்தாள். ஆக, கொலை நடந்தது இந்த ஐம்பது நிமிஷத்துக்குள். பங்களா கேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வெளியே போன பஷீருதீனை, எதிரே இருக்கும் உப்பளத்திலிருந்து ஆராயி பார்த்தாள். எப்போது பார்த்தாய் என்று கேட்டால், பிளேன் போனபோது என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த உப்பளத்தில் யார் கையிலும் கடிகாரம் இல்லை, மேஸ்திரி கையில்கூட. தினமும் தெற்கேயிருந்து வரும் மதுரை விமானம் தலைக்கு மேல் போனால், உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கஞ்சிக்கு உட்காருவார்கள். பல வருஷமாக அதுதான் அங்கே மணி. இன்ஸ்பெக்டர் விமானக் கால அட்டவணையைத் தேடிப் பிடித்தார். மீனம்பாக்கத்தில் அது இறங்குவது பத்தே முக்கால். கோவளத்தைத் தாண்டுவது அதற்குப் பத்து நிமிஷம் முன்பு. ‘காலை 10.35 மணிக்குப் பார்த்தேன்’ என்று வாக்குமூலத்தை அவரே எழுதி முடித்துவிட்டார். அதற்குத்தான் கைநாட்டு. நாளைக் காலை செங்கல்பட்டு கோர்ட்டில் அந்தக் காகிதத்தோடு பஷீருதீனை நிறுத்தினால், அவன் கழுத்துக்குக் கயிறு தயார் என்று அர்த்தம்.

பஷீருதீன் மாமல்லபுரத்தில் சங்கு, சோழி சாமான்கள் விற்கிறவன். கடை இருந்த இடம் கோதண்டராமனுடையது. காலி செய் என்றார் அவர். மாட்டேன் என்று நாலு பேர் நடுவில் சொன்னான் இவன். அன்று காலை பேசிப் பார்க்கலாம் என்று போனதாகவும், வீட்டில் ஆள் இல்லாததால் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதாகவும், அப்போது பத்துமணிகூட ஆகவில்லை என்றும் சொல்கிறான். அவன் சொல்வதை நம்பியது உலகத்திலேயே ஒருத்திதான். அவன் அக்கா ரோஷன் பீவி. அவள்தான் துப்பறியும் பார்வதத்தைத் தேடி வந்தவள்.

வியாழக்கிழமை காலை ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் உப்பள வரப்பில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மதார் சாகிப், பின்னால் உட்கார்ந்து வந்தவள் பார்வதம். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பிளை இப்படி மோட்டார் சைக்கிளில் போகலாமா என்று செங்கல்பட்டில் சில பேருக்குத் தூக்கம் வராது. வராமல் போகட்டும். பதினெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள், செய்யாத தப்புக்கு மேலதிகாரி மன்னிப்புக் கடிதம் கேட்டபோது ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள். மதார் பழைய பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்க மாட்டேன் என்ற முதலாளியின் மைத்துனரை நடுவழியில் இறக்கிவிட்டதில் வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

அவர்கள் வருவதற்கு முன்பே ரோஷன் பீவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஆளைப் பார்க்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று ஆராயியிடம் கேட்டிருக்கிறாள். ஆராயி பார்வதத்தைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முழங்கால் வரை உப்புத் தண்ணீர் வெளுத்துக் காய்ந்திருந்தது.

"தோ பாரும்மா. போலீசு வந்து மணி சொல்லுன்றான். இந்தப் பொண்ணு வந்து பாக்கலன்னு சொல்லுன்றா. நான் பாத்தது ஆளு, பாத்தது பிளேனு. அதுல ஒண்ணக் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். ஜெயில்ல வச்சாலும் இதான்."

பார்வதத்துக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப் போயிற்று. ரோஷன் பீவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபத்திலும் ஒன்று புரிந்தது. பஷீரைக் காப்பாற்றக்கூடப் பொய் சொல்லாதவள் போலீசுக்காகவும் சொல்ல மாட்டாள்.

பொய் எதுவும் வேண்டாம், செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொல் என்றாள் பார்வதம். ஆராயி சொன்னாள். இருட்டோடு எழுந்து வந்தது, கொட்டகையில் தூளி கட்டிக் கைக்குழந்தையைப் போட்டது, நாலு பாத்தி வாரியது, விமானம் போனது, பஷீர் ஓடியது, கஞ்சிக்கு உட்கார்ந்தது, குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்தது.

"எழுப்பியா?"

"ஆமா. நல்லாத் தூங்கிக்கினு இருந்துச்சு."

"தினமும் எழுப்பித்தான் குடுப்பியா?"

ஆராயி யோசித்தாள். "இல்லியே. தெனமும் பிளேனு வர்றதுக்கு முன்னாடியே பசியில கத்தி ஊரக் கூட்டிடும். மேஸ்திரி கூடத் திட்டுவான். அன்னிக்கு மட்டுந்தான் தூங்கிச்சு."

பக்கத்துப் பாத்தியில் இருந்த பெண்களும் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்குக் கஞ்சி குடித்த பிறகு வேலை முடியவே இல்லையாம். பொழுது சாய்வதற்குள் ரெண்டு பேருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வண்டிக்குத் திரும்பி நடக்கும்போது, குழந்தையைச் சாட்சியாகக் கூப்பிட்டால் ஜட்ஜ் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும், கோட்டு நனையும் என்றான் மதார். பார்வதம் சிரிக்கவில்லை. குழந்தை தூங்கியதில் அதிசயம் இல்லை, விமானம்தான் சீக்கிரம் வந்திருக்கிறது என்றாள்.

மதாருக்கு அது செரிக்கவில்லை. லேட்டாக வரும் விமானத்தைப் பற்றி ஊரே பேசும். அஞ்சு நிமிஷம் முன்னால் வருவதுகூட அதிசயம், இங்கே குழந்தைக்குப் பசி எடுக்காத அளவுக்கு முன்னால் வர வேண்டும்.

பார்வதம் கைப்பையிலிருந்து கால அட்டவணையை எடுத்து வண்டி சீட்டின் மேல் விரித்தாள். "மதுரையில எட்டு நாப்பதுக்குக் கிளம்புது. பத்தே முக்காலுக்கு மீனம்பாக்கம். ரெண்டு மணி அஞ்சு நிமிஷம். ஆகாயத்துல எவ்வளவு தூரம் தெரியுமா? இருநூத்தி அறுபது மைல். இந்த பிளேன் மணிக்கு இருநூறு மைலுக்கு மேல போகும். அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம்?"

"பஸ்ஸுன்னா சொல்லிடுவேன். மதுராந்தகத்துலேர்ந்து செங்கல்பட்டு வர்ற வண்டி படாளத்துல நிக்காம வந்தா பத்து நிமிஷம் மிச்சம். ரோடு அதே ரோடுதான், ஒரு அடி கொறையாது. நிக்கிறதுதான் நேரத்தத் துன்னுது. ஒரு நாள் அப்பிடித்தான் வுட்டோம். மறுநாளு படாளத்துக்காரங்க கையில கல்லோட நின்னாங்க."

பார்வதம் அவனையே பார்த்தாள். பிறகு அட்டவணையை மடித்து, "வண்டியைத் தபாலாபீசுக்கு விடு" என்றாள். ரோஷன் பீவி யாரையும் கேட்காமல் அவர்களுக்குப் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள்.

கோவளம் தபாலாபீசில் உட்காரும் ஜெசிந்தா, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கண்டிப்பு. ஆனால் கோதண்டராமனின் தந்தியை வாங்கியவள் அவள்தான், அது முதல் அவளுக்கும் தூக்கம் இல்லை. தந்தி செங்கல்பட்டு வக்கீலுக்குப் போனது. ‘வியாழக்கிழமை உயில் மாற்ற வருகிறேன்’ என்று ஒரே வரி. அதை ரெண்டு நாளாக மனசுக்குள் படித்துக்கொண்டே இருக்கிறாள்.

மதுரைக்கும் சென்னைக்கும் நடுவில் விமானம் நிற்கிற ஒரே ஊரான திருச்சிக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் போட்டார்கள். எதிர்முனையில் எடுத்த வசந்தா, பார்வதத்துக்குப் பதினெட்டு வருஷத் தோழி. குரலில் மட்டும்தான் பழக்கம், முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஏரோடிராமுக்கு லைன் கொடு என்றால் வசந்தா காரணம் கேட்க மாட்டாள். அங்கே எடுத்த அதிகாரி, பார்வதம் விஷயத்தைச் சொன்ன பிறகும், இந்த மாதிரி விவரமெல்லாம் போனில் சொல்வதில்லை என்று ஆரம்பித்தார். குறுக்கே வசந்தாவின் குரல் நுழைந்தது. ஒரு பையனின் உயிர் விஷயம், அவர் சொல்லாவிட்டால் நாள் முழுக்க அவருக்கு லைனே கிடைக்காது என்று அமைதியாகச் சொன்னது. அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையிலிருந்து திருச்சியில் கொட்டு கொட்டென்று மழை. மேகம் கூரை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வழக்கமாகக் கால் மணிக்கு மேலேயே நின்று ஆள் ஏற்றும் விமானத்தை, இங்கே இறங்க வேண்டாம் என்று மதுரையை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்கள். இறங்குவது, நிற்பது, மறுபடி ஏறுவது எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து நிமிஷம் மிச்சம். பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

"அப்போ கோவளத்துக்கு மேல பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது" என்றாள் பார்வதம், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு. "பஷீர் வெளியே ஓடினது அப்போதான். அதுக்கப்புறம் இருபது நிமிஷம் கழிச்சு கோதண்டராமன் உயிரோட இந்தக் கவுன்டர்ல நின்னிருக்கார்."

ரோஷன் பீவி அப்படியே தபாலாபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக அழாதவள் அப்போது அழுதாள். மதார், படாளத்துக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று முணுமுணுத்தான்.

பார்வதம் ரிசீவரிலிருந்து கையை எடுத்து, அதிகாரியிடம் இன்னொரு கேள்வியும் கேட்டாள். இந்தத் தடவை குரலைத் தணித்துக்கொண்டாள். பதிலை ஒரு தந்தித் தாளின் பின்பக்கம் குறித்து, மடித்துப் பைக்குள் போட்டாள். கேட்டது ரெண்டையும் உடனே தந்தியாக அனுப்பி வையுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன அது என்று மதார் மூன்று தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

தந்தி கைக்கு வந்தபோது மணி மூன்று. நாலு மணிக்குப் பங்களாவில் இருந்தார்கள்.

வாசலில் ஜீப் நின்றது. கோதண்டராமனின் அக்கா மகன் பன்னீர்செல்வம் கூடத்தில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்குக் காபி வரவழைத்துக்கொண்டிருந்தான். அரிசி மில் முதலாளி, முப்பத்தைந்து வயது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தவன், காரியத்துக்கெல்லாம் அவன்தான் முன்னால் நிற்கிறான். தோப்பும் பங்களாவும் இனி அவனுக்குத்தான்.

பார்வதம் உட்காரச் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு விமானம் முக்கால் மணி முன்னால் வந்துவிட்டது, ஆராயி பார்த்தது ஒன்பது ஐம்பதுக்கு, லாக்கப்பில் இருக்கிறவன் நிரபராதி என்றாள். இன்ஸ்பெக்டர் சிரித்தார். யார் சொன்னது என்றார். கைக்குழந்தை சொன்னது என்று மதார் சொல்லித் தொலைத்தான். இன்ஸ்பெக்டர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அம்மா, உங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க. அந்த பிளேன் சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. ஏன்னா அதுல நானே வந்தேன். மீனம்பாக்கத்துல இறங்கும்போது என் வாட்ச்ல பத்தே முக்கால். இன்ஸ்பெக்டர் சார் டிக்கெட்டைக்கூடப் பாத்தாரு."

உள்ளே போய் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். நீளமான சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது. அந்தக் கூடத்தில் அவனைத் தவிர விமானம் ஏறினவர் ஒருவரும் இல்லை. டிக்கெட்டைப் பார்த்ததுமே எல்லாருக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. ரோஷன் பீவியின் முகம் வெளுத்தது. மதார் பார்வதத்தைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் காபியைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம், போய் வாருங்கள் என்று எழுந்தார்.

பார்வதம் எழுந்திருக்கவில்லை. "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்று பன்னீர்செல்வத்தைக் கேட்டாள்.

ரொம்பச் சௌகரியம் என்றான் அவன். ஜன்னலோர சீட்டு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக்கூட மேலேயிருந்து பார்த்தானாம். ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சென்னை, ரயிலில் வந்தால் ராத்திரி பூரா போய்விடுமே என்றான்.

"எங்க ஏறினீங்க?"

"திருச்சியிலதான். என் மில்லு அங்கதானே இருக்கு."

பார்வதம் தந்தியை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். "உரக்கப் படிங்க சார். ரெண்டு வரிதான்."

இன்ஸ்பெக்டர் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை மழையால் விமானம் திருச்சியில் இறங்கவில்லை, நேரே சென்னை போய்விட்டது என்பது முதல் வரி. திருச்சியில் ஏற வேண்டியவர்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் காத்திருந்து ரயிலுக்கு அனுப்பப்பட்டார்கள், ஒன்பதாவது ஆள் ஏரோடிராமுக்கே வரவில்லை என்பது ரெண்டாவது வரி. ஒன்பதாவது பெயர் பன்னீர்செல்வம். உயில் மாறினால் நஷ்டம் திருச்சி மருமகனுக்குத்தான் என்று யோசித்துத்தான் பார்வதம் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டிருந்தாள்.

காலியாக இருந்த வானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோயில் பார்த்தவன் மேஜை மேலிருந்த டிக்கெட்டுக்குக் கை நீட்டினான். மதார் அதற்குள் டிக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டான். ஆயிரக்கணக்கில் டிக்கெட் கிழித்த விரல். புரட்டிப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"அண்ணாத்த, பஸ்ஸோ பிளேனோ, ஏறினா ஒருத்தன் கிழிச்சே ஆவணும். இதுல முழுசும் அப்பிடியே கீது. நீ ஏறவே இல்ல."

ஏதோ குழப்பம் என்றான் பன்னீர்செல்வம். சரி, ரயிலில்தான் வந்தேன், டிக்கெட் விஷயத்தில் சும்மா பெருமைக்குச் சொன்னேன் என்றான். அதற்காகக் கொலைகாரன் ஆகிவிடுவேனா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டான். கேட்கும்போதே கண் வாசல் பக்கம் போயிற்று. ஒரு ஆள் வாசலைப் பார்க்கும் விதத்தை இருபது வருஷ சர்வீஸ் போலீஸ்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் மெல்ல நகர்ந்து வாசலை மறித்து நின்றார். உயில் மாற்றப் போவதாக மாமா தந்தி கொடுத்துவிட்டு வந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். மூன்று நாளில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

பன்னீர்செல்வத்துக்கு வியர்த்துவிட்டது. "மாமாதான் மொதல்ல கை ஓங்கினாரு" என்றான்.

"இருக்கலாம்" என்றாள் பார்வதம். "ஆனா ஏறப் போகாத பிளேனுக்கு நாலு நாள் முன்னாடியே டிக்கெட் வாங்கினது மாமா இல்லையே."

டிக்கெட்டின் மேல் வாங்கிய தேதி தெளிவாக இருந்தது. கான்ஸ்டபிள் அவனை ஜீப்பில் ஏற்றினார்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ரோஷன் பீவியிடம் வந்தார். நாளைக்குக் கோர்ட்டில் சொல்லி விடுவித்து விடுகிறேன், சாயந்திரம் இருட்டின பிறகு நானே ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிடுகிறேன், ஊர் கூட வேண்டாம் என்றார். அவர் அளவில் அது பெரிய உபகாரம்.

ரோஷன் பீவி முக்காட்டைச் சரி செய்துகொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"வேணாம் சார். என் தம்பியக் கையில வெலங்கு மாட்டி மீன் மார்க்கெட்டு வழியா நடத்தி இட்டுக்கினு போனீங்க. பட்டப்பகல்ல. மொத்த ஊரும் வேடிக்கை பாத்துச்சு. அதே மார்க்கெட்டு வழியா, அதே பட்டப்பகல்ல, வெலங்கு இல்லாம நடத்தி இட்டுக்கினு வாங்க. நீங்களும் கூட நடந்து வாங்க. தொப்பி போட்டுக்கினு."

அப்படியெல்லாம் ரூல் கிடையாது என்றார் இன்ஸ்பெக்டர்.

"குத்தம் பண்ணாதவன வெலங்கு மாட்டி இழுத்துக்கினு போவலாம்னு எந்தப் பொஸ்தகத்துல எழுதிக் கீதோ, அதுக்குப் பக்கத்துலயே இதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் உதவிக்குப் பார்வதத்தைப் பார்த்தார். பார்வதம் ஜன்னல் வழியாகச் சவுக்கு மரங்களை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதார் பக்கம் திரும்பினார். அவன் அவருடைய தொப்பியை எடுத்து அவரிடமே நீட்டினான்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, கோவளம் மீன் மார்க்கெட்டில் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். தெரு முனையில் பஷீருதீன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். பக்கத்தில் தொப்பியோடு இன்ஸ்பெக்டர். ஜீப் இல்லை. ரோஷன் பீவி தம்பியைப் பார்த்ததும் ஓடிப் போயிருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அவள் ஓடவில்லை. மார்க்கெட்டின் அடுத்த கோடியில் நடு ரோட்டில் நின்று, அவர்கள் கடைசிக் கடை வரைக்கும் நடந்து வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்.